நாலா ஓரத்து நாடகம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லியில் தமிழ் பேசும் 15 பேர் சேர்ந்து நாடகம் போடுகிறோம். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் ஆறு பேர், ஆட்டோ ஓட்டும் ஒருவர், கட்டட வேலை செய்யும் இரண்டு அண்ணன்கள், கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், அப்புறம் நான். மேடை கிடையாது. கேம்ப் (டெல்லியில் குடிசைப் பகுதியை இப்படித்தான் சொல்வார்கள்) முனை, பூங்கா, கோயில் வாசல், சில நாள் யாராவது வீட்டு மொட்டை மாடி. சாக்கடை, குப்பை, தண்ணீர், புகை, இடிக்கப்பட்ட வீடு, இவைதான் எங்கள் கதைகள். ஆட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள் வருகின்றன. நின்று பேச நேரம் போதவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

சுற்றுச்சூழல் நீதி என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஊரில் சேரி எந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளத்தில், ஊர்த் தண்ணீர் வடியும் பக்கம். ஊர்க் குப்பையும் செத்த மாடும் அந்தத் திசைக்குத்தான் போகும். இடம் தானாக அமைந்ததில்லை, ஒதுக்கப்பட்டது. ரயிலேறி டெல்லிக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த இடமும் அப்படித்தான்: நாலாக் கரை, தண்டவாள ஓரம், குப்பை மேட்டு அடிவாரம். இங்கே சாக்கடை வாய்க்காலை நாலா என்பார்கள்.

நகரத்தின் அழுக்கு யார் வாசலில் போய்ச் சேருகிறது? அதை அள்ளும் வேலை யார் கையில் விழுகிறது? சுத்தம் செய்ய நாள் குறித்தால் யார் வீடு போகிறது? நாள் குறிக்கும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்காமல் சேர்த்துக் கேட்பதைத்தான் சுற்றுச்சூழல் நீதி என்கிறோம். இந்தப் பேச்சு உலகத்தில் பரவக் காரணமான போராட்டம் 1982-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் கவுண்டியில் நடந்தது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் அந்த இடத்தில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைக்க முடிவு செய்தபோது, மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். சொல் அங்கிருந்து வந்தது. விஷயம் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லாத அளவுக்குப் பழையது.

டெல்லிக் காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே? அதில் என்ன ஏற்றத்தாழ்வு?

புகை எல்லார் மேலும்தான் படிகிறது. நவம்பர் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானைப் போட்டுக்கொள்ள ஒரு வீட்டால் முடியும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் வீட்டில் எதைச் சாத்துவது?

இன்னொன்றும் இருக்கிறது. காற்று ரொம்பக் கெட்டால் கிராப் என்ற கட்டுப்பாடுகள் வரும். அதன் மேல் கட்டங்களில் கட்டட வேலைகள் நின்றுவிடும். தூசி குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அன்றைய கூலியும் நின்றுவிடுகிறது. 2024 குளிர்காலத்தில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்ன பிறகு, டெல்லியில் பதிவு செய்த கட்டடத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை என்று முடிவானது. சுமார் 90,000 பேர் அந்தக் கணக்கில் வந்தார்கள். பதிவு அட்டை இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை.

எங்கள் குழுவின் இரண்டு அண்ணன்களில் ஒருவரிடம் அட்டை உண்டு, இன்னொருவரிடம் இல்லை. இதை அவர்களே ஒரு காட்சியாகச் செய்தார்கள். இருவரும் ஒரே சட்டியில் மண் சுமக்கிறார்கள், சேர்ந்தே இருமுகிறார்கள். யாரோ விசில் ஊத, வேலை நிற்கிறது. உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். ஒருவருடைய போன் மட்டும் டிங் என்று அடிக்கிறது. மற்றவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப் பையில் வைக்கிறார். வசனமே கிடையாது. எங்கள் ஆட்டங்களில் கூட்டம் அசையாமல் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

இதற்கு நாடகம் எதற்கு? மனு கொடுக்கலாம், வழக்குப் போடலாம்.

கொடுக்கத்தான் வேண்டும். எங்களில் பாதிப்பேர் மனு எழுதியவர்கள்தான். ஆனால் மனு எழுதும்போது என்ன நடக்கிறது என்றால், வேறு யாரோ நமக்காக எழுதுகிறார்கள். "மேற்கண்ட முகவரியில் வசித்துவரும்" என்று ஆரம்பித்ததும் அதில் நம்முடைய குரல் போய்விடுகிறது. அதிகாரி முன்னால் நிற்கக் கிடைப்பது இரண்டு நிமிடம். முப்பது வருடத்துக் கதையை இரண்டு நிமிடத்தில், பயம் இல்லாமல், வரிசை மாறாமல் சொல்வது சாதாரண வேலை இல்லை. பழகினால்தான் வரும்.

நாடகத்தில் அந்தப் பழக்கம் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தார் முன்னால் இருபது முறை தன் கதையைச் சொன்னவருக்கு இருபத்தோராவது முறை அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நாக்கு ஒட்டாது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். ஒடுக்கப்பட்டோர் அரங்கம் என்று தமிழில் சொல்கிறோம். வாழ்க்கையில் செய்யப்போவதை முதலில் நாடகத்தில் செய்து பார்ப்பதே அதன் அடிப்படை. எங்களுக்கு ஒத்திகை என்றால் ஆட்டத்துக்கான ஒத்திகை மட்டும் இல்லை.

நீங்கள் நடிப்பது மதராஸி கேம்ப் கதைதானே?

எங்கள் நாடகத்தில் கேம்புக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் டெல்லித் தமிழர் யாரும் அதைப் பார்த்துவிட்டு வேறு இடத்தை நினைப்பதில்லை, அதனால் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மதராஸி கேம்ப் ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. பெண்கள் பலருக்கும் சுற்றுவட்டாரத்து வீடுகளில்தான் வேலை. குடியிருப்பு நாலாவை அடைத்துக்கொண்டிருப்பதால் மழைநீர் வடியவில்லை என்ற வழக்கில் 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1-ம் தேதி புல்டோசர்கள் வந்தன. இருந்த வீடுகள் 370. மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதலில் அறிவிக்கப்பட்டவை 189. ஒதுக்கப்பட்ட இடம் நரேலா. அது டெல்லியின் வடக்கு முனை, 40 கிலோமீட்டர் போல தூரம். காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் ஒரு வீட்டின் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டியவர் நரேலாவில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லோதி எஸ்டேட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் அதே தூரம்தான்.

என் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நாலாவைத் தூர்வாரத்தான் வேண்டும். மழையில் நாலா பொங்கினால் முதலில் தண்ணீர் புகுவது கரையில் இருப்பவர் வீட்டில்தான், அவர்களைவிட அந்தத் தூர்வாரல் யாருக்குத் தேவை? ஆனால் அதே நாலாவின் போக்கிலேயே 2010 காமன்வெல்த் போட்டிக்காக மேம்பாலச் சாலை கட்டப்பட்டது. தூண்கள் இன்றும் நிற்கின்றன. எங்கள் நாடகத்தில் ஒரு தூணும் ஒரு வீடும் பேசிக்கொள்ளும். "நீயும் தண்ணிக்குள்ளதான் நிக்கிற, நானும் தண்ணிக்குள்ளதான் நிக்கிறேன். உன் வாசல்ல மட்டும் ஏன் நோட்டீஸ் ஒட்டல?" என்று வீடு கேட்கும். தூணாக நடிப்பவர் பதில் சொல்வதில்லை, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஒரு சாலையைத் தாங்கிக்கொண்டே நிற்பார். அந்தக் கை வலிப்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

நாடகத்தை யார் எழுதுகிறார்கள்?

யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரு நாடகம் உருவாக ஐந்தாறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் வசனமே பேசமாட்டோம்.

கோலப்பொடியால் தரையில் வரைபடம் போடுவதில் ஆரம்பிப்போம். அவரவர் குடியிருப்பை அவரவர் வரைய வேண்டும். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொல்வோம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஊராக வரும். ஆண்களின் படத்தில் டீக்கடையும் பஸ் நிறுத்தமும் பெரிதாக இருக்கும். பெண்களின் படத்தில் பொதுக் கழிப்பறையும், விடியுமுன் அதற்குப் போகும் சந்தும், அந்தச் சந்தில் விளக்கு இல்லாத மூலையும் இருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பேச்சு தானாக வரும்.

அடுத்தது நாற்றத்தின் கணக்கு. எத்தனை மணிக்கு என்ன வாசனை? காலை நான்குக்கு நாலா. ஆறுக்கு விறகுப் புகை. எட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் ரப்பர் எரிவது. மதியம் ஒன்றுமில்லை, வெயில்தான். இரவு பத்துக்கு மறுபடி நாலா. ஒரு பாட்டி இதைச் சொல்லிக்கொண்டே போனார், நாங்கள் அதை அப்படியே பல்லவியாக்கிவிட்டோம்.

பிறகு சிலைகள். "டேங்கர் வருகிறது" என்றதும் எல்லோரும் ஒரு நிலையில் உறைய வேண்டும். குடத்தோடு ஓடுபவர், குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுபவர், இடுப்பில் குழந்தையோடு பின்தங்கியவர். அந்தச் சிலையைச் சுற்றி வந்து பார்ப்போம். யாருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று முகத்தைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும்.

வசனம் கடைசியில்தான். பேசியதைப் போனில் பதிவு செய்து அதிலிருந்து எடுப்போம். எங்கள் ஆசிரியர் ஐயா ஆரம்பத்தில் இலக்கணம் திருத்திக் கொடுத்தார். "ஐயா, நீங்க திருத்தினா நான் பேசுற மாதிரி இல்ல, ரேடியோ பேசுற மாதிரி இருக்கு" என்றார் ஓர் அக்கா. அன்றிலிருந்து அவர் திருத்துவதில்லை. எது எந்த ஊர்ச் சொல் என்று குறித்துவைக்கிறார். சேலத்துச் சொல், விழுப்புரத்துச் சொல் என்று ஒரு நோட்டே நிரம்பிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இப்படி வந்ததுதான். திரிலோக்புரியில் குடியிருக்கும் ஓர் அக்கா மயூர் விஹாரில் ஒரு தமிழ் வீட்டில் வேலை செய்கிறார். தினமும் அந்த வீட்டுக் குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வெளியே வைப்பது அவர்தான். கிழக்கு டெல்லிக் குப்பை போய்ச் சேருவது காஜிப்பூர் குப்பை மலைக்கு. 1984-ல் ஆரம்பித்த அந்தக் கிடங்கு 2002-லேயே நிரம்பிவிட்டது, ஆனாலும் கொட்டுவது நிற்கவில்லை. 65 மீட்டர் வரை உயர்ந்தது. குதுப் மினாரே 73 மீட்டர்தான். 2017 செப்டம்பர் 1-ம் தேதி அதில் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அக்கா சொன்னார்: "கோடையில மலை எரியும். புகை எங்க வீட்டுக்குள்ள வரும். நான் காலைல கட்டி வெச்ச முடிச்சுதான் சாயங்காலம் எனக்கே வருது." காட்சியில் அவர் ஒரு கறுப்புப் பையைக் கட்டி முதல் ஆளிடம் கொடுப்பார். பை கை மாறி, கை மாறி, கூட்டத்துக்குள்ளும் போய் (பார்ப்பவர்களும் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்) கடைசியில் அவர் மடியிலேயே வந்து விழும். முடிச்சைத் தொட்டுப் பார்த்து அது தன்னுடையது என்று அடையாளம் கண்டுகொள்வார்.

இது கூத்தா, தெருமுனை நாடகமா?

இரண்டும் கலந்தது. தெருமுனை நாடகத்துக்கு டெல்லி பெரிய ஊர். 1973-ல் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச் என்ற நாடகக் குழு இங்கேதான் வளர்ந்தது. 1978-ல் அவர்கள் போட்ட முதல் தெருமுனை நாடகம் 13 நிமிடம்தான். மேடை, திரை, விளக்கு ஒன்றும் வேண்டாம், நடுவில் நின்று பேசலாம் என்ற துணிச்சலை அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் எங்கள் பார்வையாளர்களில் பலர் தென்னாற்காடு, சேலம் பக்கத்து மக்கள். பெரியவர்கள் சிறுவயதில் இரவெல்லாம் தெருக்கூத்துப் பார்த்தவர்கள். அவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். ராஜா வேஷத்தை வரவேற்பதும் அவன்தான், ராஜாவிடமே குறுக்குக் கேள்வி கேட்பதும் அவன்தான், பாரதக் கதை நடுவே ஊர்ச் சங்கதியைப் பேசும் உரிமையும் அவனுக்கு உண்டு. போவாலின் முறையில் கூட்டத்துக்கும் நடிகர்களுக்கும் நடுவே நிற்கும் ஒருவர் உண்டு, அவரை ஜோக்கர் என்பார்கள். முதலில் நாங்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னோம். ஒருநாள் ஒரு தாத்தா, "இது நம்ம கட்டியங்காரன் பண்ற வேலைதானே" என்றார். அதோடு ஜோக்கர் போய்விட்டான். இப்போது எங்கள் கட்டியங்காரன் ஆட்டோ ஓட்டுபவர். நாளெல்லாம் டெல்லிக்காரர்களோடு பேசிப் பழகியதால் எந்தக் கூட்டத்தையும் சமாளிப்பார்.

பார்ப்பவர்கள் உள்ளே வந்து நடிக்கலாம் என்கிறீர்கள். உண்மையிலேயே வருகிறார்களா?

முதல் ஐந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். பொறுமையாக இருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு ஜன்னல் காட்சி இருக்கிறது. ஒரு பெண் மாற்று வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ஜன்னலுக்குள் இருப்பவர் சர்நேம் கேட்கிறார். நமக்கு ஏது சர்நேம்? ஒரு அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் கணவர் பெயர், மூன்றாவதில் யாரோ சேர்த்துவிட்ட தேவி. மூன்றும் மூன்று ஆள் என்று திருப்பி அனுப்புகிறார். பெண் தலைகுனிந்து வெளியே வருகிறாள். அங்கே காட்சியை நிறுத்திவிட்டுக் கட்டியங்காரன் கேட்பார்: "இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க? வாங்க, வந்து செஞ்சு காட்டுங்க."

ஒரு ஆட்டத்தில் முதலில் வந்தவர் சத்தம் போட்டார். ஜன்னல் சாத்தப்பட்டது. அடுத்தவர் கையில் பணம் வைத்தார். கூட்டமே வேண்டாம் என்றது, இன்று கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கொடுக்க வேண்டும். மூன்றாவதாகப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "சரி சார், எந்தக் காரணத்துக்காக முடியாதுன்னு எழுதிக் கொடுங்க, தேதி போட்டு" என்று இந்தியில் கேட்டாள். ஜன்னலுக்குள் நடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆளுக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் நடிப்பை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்து, அன்று பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா உண்மையான ஓர் அலுவலகத்தில் அதே வரியைச் சொன்னார். எழுத்தில் பதில் கிடைத்தது. பதில் "முடியாது" என்றுதான் இருந்தது. ஆனால் மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும், அது கையில் இருந்தது.

தமிழில் போடுகிறீர்களா, இந்தியிலா?

பாட்டிகளுக்குத் தமிழ் மட்டும்தான். வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டும் பேசுவார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் இந்திதான் பேசுகிறார்கள். அதனால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் தமிழில், அதிகாரியும் மேஸ்திரியும் இந்தியில். நடுவே கட்டியங்காரன் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே போவார். பீகார், வங்காளத்துக் குடும்பங்களும் சேர்ந்து வாழும் இடமென்றால் வசனத்தைக் குறைத்து உடம்பால் செய்வோம். குடம் தூக்குவதற்கு மொழி தேவையில்லை.

பறை அடிப்பீர்களா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பறையைப் பெருமையோடு தோளில் மாட்டுகிறார்கள். அதிர்வு வந்ததும் சந்து சந்தாக ஆட்கள் வருவார்கள், அதைப்போல் கூட்டம் சேர்க்கும் கருவி வேறில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து போனார். பின்னால் போய்க் கேட்டேன். "சாவுக்கு அடிக்கச் சொல்லி எங்கப்பாவை இழுத்துட்டுப் போவாங்கப்பா. அதுலருந்து தப்பிக்கத்தான் நான் இங்க வந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே போய்க் கேட்கிறோம். வேண்டாம் என்றால் தகரம், பிளாஸ்டிக் பக்கெட். அவர் சொன்னதை, அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இன்னொரு நாடகத்தில் சேர்த்தோம். அதற்கு அவரே வந்து தாளம் போட்டார்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஒத்திகைக்கு நேரம் எங்கே?

மதியம் இரண்டு முதல் நான்கு வரை. காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் கிடைக்கும் ஒரே இடைவெளி அது, தூங்க வேண்டிய நேரமும்கூட. அதனால் வாரம் இரண்டு நாளுக்கு மேல் கேட்பதில்லை. ஒத்திகையில் கட்டாயம் சாப்பாடு இருக்கும். சாப்பாடு இல்லாத ஒத்திகை அவர்கள் நேரத்தைத் திருடுவது.

குழந்தைகள் நடிக்கலாமா?

நடிக்கலாம், ஆனால் இடிப்புக் காட்சியில் வேண்டாம். நேரில் பார்த்த பிள்ளைகள் அதை மறுபடி நடிக்கும்போது விளையாட்டாகவே ஆரம்பிப்பார்கள், நடுவில் ஒரு பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். அவர்களுக்கு ஓவியம் கொடுங்கள்.

அப்படியென்றால் ஓவியம், சிற்பம் எல்லாம் செய்கிறீர்களா?

செய்கிறோம், எளிமையாக. டெல்லியில் சுவர் ஓவியத்துக்குக் குறைவில்லை. லோதி காலனிச் சுவர்கள் இந்தப் பத்து வருடத்தில் பெரிய ஓவியக் கூடமாகவே மாறிவிட்டன. சராய் காலே கானில் பழைய இரும்பால் உலக அதிசயங்களைச் செய்து ஒரு பூங்காவே வைத்திருக்கிறார்கள், 2019-ல் திறந்தது. எங்கள் பிள்ளைகளை இரண்டுக்கும் கூட்டிப்போனோம், வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு சிறுமி திரும்பி வரும்போது, "நம்ம சுவர்ல வரைஞ்சா இடிக்கும்போது படமும் போயிடுமா?" என்று கேட்டாள்.

அதனால்தான் நாங்கள் துணியில் வரைகிறோம். பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்து, கோலப்பொடியில் போட்ட வரைபடத்தை அதில் ஏற்றுகிறோம். வீடு இருக்கும் இடத்தில் அந்த வீட்டுக்காரரே தன் சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுவார். தெருக்குழாய்க்கு நீல நூல், நாலாவுக்குக் கறுப்பு. இடிந்துபோன ஒரு குடியிருப்பின் துணி எங்களிடம் இருக்கிறது. அதை விரித்தால் ஆட்கள் குனிந்து தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள், கண்டுபிடித்ததும் அதன் மேல் கை வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் துணியைக் கண்காட்சிக்குக் கேட்டார்கள். கொடுக்கலாமா என்று அந்தக் குடும்பங்களிடம் கேட்டோம். "நாங்களும் கூட வந்து நிக்கிறதா இருந்தா கொடுங்க" என்றார்கள். அப்படித்தான் கொடுத்தோம்.

அடுத்தவர் துயரத்தை வைத்துக் கைதட்டல் வாங்குவது சரியா?

நியாயமான கேள்வி, இதில் நாங்கள் தவறு செய்திருக்கிறோம். ஒரு பெண் ஒத்திகையில் தன் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்ததைச் சொன்னார். தண்ணீர் பற்றிய நாடகத்தில் அதைச் சேர்த்தோம். பெயரை மாற்றினோம், ஆனால் எந்தத் தெரு, எந்த மழைக்காலம் என்பதை மாற்றவில்லை. ஆட்டத்தின்போது கூட்டம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி" என்றார், கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது கதை கொடுத்தவருக்கு மட்டும் முதலில் ஆடிக் காட்டுகிறோம். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் சொன்னாலும், காட்சி வெளியே போய்விடும். அழும் காட்சியோடு எந்த நாடகத்தையும் முடிப்பதும் இல்லை.

அனுமதி வாங்க வேண்டுமா? ஆபத்து இல்லையா?

பொது இடத்தில் ஆடுவதற்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வைப்போம். பூங்கா என்றால் குடியிருப்போர் சங்கத்திடமும். கூட்டம் கூடத் தடை உத்தரவு இருக்கும் நாட்களில் ஆடுவதில்லை. நாடகங்களைத் தடை செய்ய வெள்ளைக்காரன் 1876-ல் போட்ட சட்டம் சுதந்திரம் கிடைத்து எழுபது வருடம் கழித்துத்தான் ரத்தானது.

ஆபத்து இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். 1989 ஜனவரி 1-ம் தேதி டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில், ஜண்டாபூரில் தெருமுனை நாடகம் ஆடிக்கொண்டிருந்தபோது ஜன நாட்டிய மஞ்ச் குழுவைத் தாக்கினார்கள். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஃப்தர் ஹஷ்மி மறுநாள் இறந்தார், அவருக்கு வயது 34. ஜனவரி 4-ம் தேதி அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய், பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் ஒத்திகை ஆரம்பிக்கிறோம். பெற்றோரிடமும் சொல்கிறோம்.

செலவு எவ்வளவு? ஸ்பான்சர் உண்டா?

ஒரு புது நாடகம் 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், அதில் பாதி சாப்பாடு. நிறுவனப் பணம் வாங்குவதில்லை. துண்டு விரிப்போம்.

நாங்கள் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வசதியாக இருக்கும் தமிழர்கள். எங்களுக்கு இதில் என்ன வேலை?

முதல் வேலை பார்ப்பது. உங்கள் அடுக்ககத்தின் முற்றத்தில் இடம் கொடுங்கள். குப்பைப் பை காட்சியை மயூர் விஹாரில் ஆடியபோது பையை வாங்கிய ஓர் அம்மா அடுத்தவரிடம் கொடுக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். எங்கள் நடிகையும் காத்திருந்தார். அதன்பின் அந்த அடுக்ககத்தில் நான்கு வீடுகள் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தன. ஒரு வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நடிக்க விரும்பினாலும் வாருங்கள். ஆனால் ஏழையாக நடிக்க வேண்டாம். உங்களாகவே நடியுங்கள். வீட்டு எஜமானியம்மா வேஷத்துக்கு எங்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம், அக்காக்கள் அதை நடித்தால் ரொம்பக் கொடுமைக்காரியாக ஆக்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த அம்மா நல்லவர், அன்பானவர், ஆனாலும் டம்ளர் தனி. அதை உள்ளிருந்து நடித்துக் காட்ட உங்களால்தான் முடியும்.

நாடகத்தால் எந்த இடிப்பாவது நின்றதா?

இல்லை, ஒன்றுகூட நிற்கவில்லை. டேங்கர் வரும் நேரம் ஒரு இடத்தில் மாறியது, ஒரு கழிப்பறைச் சந்தில் விளக்கு வந்தது, சிலர் கையில் எழுத்துப்பூர்வமான பதில்கள் இருக்கின்றன. நரேலாவுக்குப் போனவர்களில் இரண்டு அக்காக்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்காக மாதத்தில் ஒரு ஒத்திகையை நரேலாவில் வைக்கிறோம், நாங்கள் அங்கே போகிறோம். அந்தப் பஸ் பயணமே இப்போது அடுத்த நாடகமாக உருவாகி வருகிறது.

எங்கள் பகுதியில் ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் என்ன செய்வது?

கோலப்பொடி ஒரு கிலோ, நான்கு பாய், சாப்பாடு. பத்துப் பேர் வந்தால் போதும். நாடகம் என்று சொல்லாதீர்கள், கூச்சப்படுவார்கள். "நம்ம தெருவை வரையலாம், வாங்க" என்று கூப்பிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வரையச் சொல்லுங்கள். எங்கேயோ ஒரு கோடு போடும்போது யாராவது "இல்ல இல்ல, அங்க இல்ல" என்று எழுந்து வருவார். கோலப்பொடியை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.